போதிப்போரும் கேட்போரும்: அனைத்துலக மறைக்கல்வி மகாநாடுகள், 1959 – 1968

கல்வியின் வரலாறு பெரும்பாலும் கற்பித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கற்பித்தோர் நூல்களை விட்டுச் சென்றனர். அறிக்கைகளை விட்டுச் சென்றனர். தம்மிடையே நிகழ்ந்த வாதப் பிரதிவாதங்களையும் பதிவு செய்து வைத்தனர். கேட்டோர் விட்டுச் சென்றது மிகச் சிறிது. சமயக் கல்வியைப் பொறுத்தவரையில் இக்கூற்று இரு மடங்கு பொருந்தும். எனினும், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கத்தோலிக்க திருச்சபையினுள் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலத்துள் நடைபெற்ற ஆறு மகாநாடுகளைத் தொடர்ச்சியாக நோக்குமிடத்து, போதிப்போர் கூடிய அவைகளினுட் கேட்போன் படிப்படியாக எவ்வாறு பிரவேசித்தான் என்பதைக் காணக்கூடியதாயுள்ளது. 1959இல் ஒல்லாந்தின் நைமேகன், 1960இல் யேர்மனியின் ஐக்ஸ்ரெற், 1962இல் பாங்கொக், 1964இல் உகண்டாவின் கட்டிகொண்டோ, 1967இல் மணிலா, 1968இற் கொலம்பியாவின் மெடலின் ஆகிய இடங்களிற் கூடிய இம்மகாநாடுகள் 'கல்வி வாரங்கள்' எனப் பெயர் பெற்றன. ஐரோப்பாவில் எழுப்பப்பட்ட வினா ஆசியாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் இலத்தீன் அமெரிக்காவுக்கும் சென்றபொழுது அதே வினாவாக இருக்கவில்லை. இடம் மாறியதோடு வினாவும் மாறிற்று என்பதே இக்கட்டுரையின் துணிபு.

மறைக்கல்வி என்றதும் வினாவிடை நூல் நினைவுக்கு வருதல் இயல்பு. 1529இல் லூதர் வெளியிட்ட சிறிய ஞானோபதேச நூலும், 1555இல் யேசுசபைக் குருவான பேதுரு கனீசியுஸ் வெளியிட்ட நூலும் இவ்வடிவத்தை ஐரோப்பாவில் நிலைநாட்டின. திரெந்துப் பொதுச்சங்கத்தின் விளைவாக 1566இல் வெளிவந்த உரோம ஞானோபதேசம் பங்குக் குருமாருக்கென எழுதப்பட்டதாதலின் வினாவிடை வடிவினதன்று. ஆயின் மக்களின் கைகளுக்குச் சென்றவை வினாவிடை நூல்களே. அச்சியந்திரத்தின் பரவலும், ஒன்றோடொன்று போட்டியிட்ட சபைகளின் தேவையும், எழுத்தறியாதோர் செவிவழிக் கேட்டு மனப்பாடஞ் செய்யவேண்டிய நிலைமையும் ஒருங்கு சேர்ந்து இவ்வடிவத்துக்கு நானூறு ஆண்டு ஆயுளை வழங்கின.

இவ்விடத்து ஒரு நுண்மை அவதானிக்கத்தக்கது. வினாவைத் தொடுப்பவர் யார்? பின்னர்க் கருதினாலாக விளங்கிய பெலார்மின் 1597இற் சிறுவர்க்கென எழுதிய சுருக்க நூலில் ஆசிரியர் கேட்கிறார், மாணவன் ஒப்புவிக்கிறான். அடுத்த ஆண்டு போதிப்போருக்கென எழுதிய விரிவான நூலிலோ மாணவன் கேட்கிறான், ஆசிரியர் விளக்குகிறார். முன்னது பரீட்சை, பின்னது உரையாடல். நடைமுறையில் ஓங்கி நின்றது பரீட்சையே.

தமிழும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் 1578இற் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்க'மும், 1579இற் கொச்சியில் அச்சிட்ட 'கிரீசித்தியானி வணக்க'மும் ஞானோபதேச நூல்களே. பின்னையது மார்க்கோஸ் யோர்ஜ் என்பார் போர்த்துக்கேய மொழியில் எழுதிய வினாவிடை நூலின் தமிழாக்கம். தமிழ் அச்சுக்கலையின் தொடக்கத்தை எடுத்துரைப்போர் எழுத்துருக்களைப் பற்றியே பெரிதும் பேசுவர். அவ்வெழுத்துக்கள் எப்பொருளைச் சுமந்து வந்தன என்பதும், முத்துக்குளிப்புக் கரையிலே அவற்றைக் கேட்டவர் யாவர் என்பதும் அத்துணை பேசப்படுவதில்லை.

மறைக்கல்வியை ஒரு மகாநாட்டுப் பொருளாக்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டு. 1889 செப்தெம்பரில் இத்தாலியின் பியாசென்சா நகரில் மேற்றிராணியார் ஸ்கலாபிரினி கூட்டிய தேசிய மகாநாடு இவ்வகையில் முதன்மையானது. அதற்கு மந்துவா மறைமாவட்ட மேற்றிராணியாராயிருந்த யோசேப்பு சார்த்தோ ஒரு கடிதம் அனுப்பினார். ஊருக்கொரு நூலாக இருக்கும் நிலை மாறி எங்கும் ஒரே ஞானோபதேச நூல் வேண்டுமென்பது அவர் கோரிக்கை. அவரே 1903இற் பத்தாம் பத்திநாதர் என்னும் பெயருடன் பாப்பரசரானார். 1912இல் அவர் வெளியிட்ட நூல் 433 வினாக்களையும் விடைகளையும் கொண்டது. அதே காலப்பகுதியில் யேர்மன் மொழி வழங்கிய நாடுகளில் 'மியூனிக் முறை' வளர்ந்து கொண்டிருந்தது. ஹேர்பார்ட் என்னும் கல்விச் சிந்தனையாளரின் வழிவந்த இம்முறை எடுத்துரைத்தல், விளக்குதல், வாழ்வில் இயைத்தல் என மூன்று படிகளைக் கொண்டிருந்தது. கதையிலிருந்து கருத்துக்குச் செல்லும் இம்முறை சிறுவர்க்கு உகந்ததே. எனினும் மாற்றம் பெற்றது வழி மாத்திரமே. கொண்டு செல்லப்பட்ட பொருள் பழையதாகவே இருந்தது.

பொருளைப் பற்றிய ஐயத்தை வெளிப்பட எழுப்பியவர் ஒஸ்திரிய நாட்டவரான யோசேப்பு யுங்மன். 1913இற் குருவாகித் தென் திரோலின் மலைக்கிராமங்களிற் பணியாற்றிய ஆண்டுகளில் அவர் கண்டது யாது? மக்கள் ஞாயிறு தவறாது கோயிலுக்கு வந்தனர், கட்டளைகளை அறிந்திருந்தனர், விடைகளை ஒப்புவித்தனர். ஆயின் அவர்களது சமயம் கடமைகளின் தொகுப்பாயிருந்ததேயன்றி மகிழ்ச்சி தரும் செய்தியாயிருக்கவில்லை. பின்னர் யேசுசபையிற் சேர்ந்து இன்ஸ்புறூக் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரான யுங்மன், இவ்வனுபவத்தினடியாக 1936இல் நற்செய்தியும் விசுவாச அறிவிப்பும் பற்றிய தமது நூலை வெளியிட்டார். கிறிஸ்துவை மையமாகக் கொண்ட ஒரு நற்செய்தியே தொடக்ககாலத் திருச்சபை அறிவித்தது, பிற்காலத்து இறையியலாரின் வரைவிலக்கணங்கள் அதனை மறைத்துவிட்டன என்பது அவர் வாதம். உரோமின் நெருக்குதலால் நூல் விற்பனையினின்றும் மீளப் பெறப்பட்டது. அந்நூலின் சுருக்கம் ஆங்கிலத்தில் வெளிவருவதற்கு 1962 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்பதிப்பைக் கொணர்வதில் முன்னின்றவர் அவருடைய மாணவரான யோகானெஸ் ஹொபிங்கர்.

ஆறு மகாநாடுகளையும் ஒரே சரட்டிற் கோத்தவர் இந்த ஹொபிங்கரே. திரோலிற் பிறந்த இவர் 1937இற் சீனா சென்று குருமடத்திற் கற்பித்தார். சீனாவின் 1949ஆம் ஆண்டு அரசியல் மாற்றம் அவரை மணிலாவுக்குக் கொண்டு சேர்த்தது. அங்கு அவர் தொடக்கிய நிறுவனமே பின்னர்க் கிழக்காசிய மேய்ப்புப்பணி நிலையமாக வளர்ந்தது. நாடு கடந்த ஒரு மறைபரப்பாளர், தம் பழைய பணிக்களத்தை இழந்த நிலையில், அப்பணி எவ்வாறு நடைபெற்றிருக்க வேண்டுமென்று சிந்தித்ததன் பேறாகவும் இம்மகாநாடுகளைக் கொள்ளலாம். சீனாவில் இழந்தது நிலமும் கட்டடமும் மாத்திரமன்று என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்.

1959 செப்தெம்பரில் நைமேகனிற் கூடிய முதல் வாரம் வழிபாட்டைப் பற்றியது. இலத்தீன் மொழியிற் பூசை நிகழும்பொழுது சாங்காயிலோ மட்டக்களப்பிலோ முழந்தாளிட்டிருக்கும் ஒருவருக்கு அது எதைக் கற்பிக்கிறது என்ற வினா அங்கு எழுந்தது. தாய்மொழிக்கும் உள்ளூர் மரபுகளுக்கும் கூடிய இடம் வேண்டுமென அவ்வாரம் வேண்டிற்று. நான்காண்டு கழித்து, 1963 டிசெம்பர் 4ஆந் திகதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட வழிபாட்டுக் கொள்கைத்திரட்டு தாய்மொழிக்கு வாயிலைத் திறந்தது.

மறைக்கல்வியையே தனிப்பொருளாகக் கொண்டு கூடியது ஐக்ஸ்ரெற் வாரம். 1960 யூலை 21 முதல் 28 வரை அது நடைபெற்றது. பவேரியாவின் அல்ற்மியூல் நதிக்கரையிலுள்ள இச்சிறு நகரின் மறைமாவட்டத்தை எட்டாம் நூற்றாண்டில் நிறுவியவர் வில்லிபால்ட் என்னும் ஆங்கிலேய மறைபரப்பாளர். மறைபரப்பு நாடுகளைப் பற்றிப் பேசக் கூடிய இடமே ஒருகால் மறைபரப்பு நாடாயிருந்ததென்பது சுவையான செய்தி. யுங்மன் அங்கே உரையாற்றினார். ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்கு முன் விற்பனையிலிருந்து நீக்கப்பட்ட நூலின் கருத்து இப்பொழுது மேற்றிராணிமாரின் அவையிற் கொள்கையாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. விசுவாசம் நான்கு மொழிகளிற் பேசுகிறது என்று ஐக்ஸ்ரெற் கூறிற்று: வழிபாடு, திருவிவிலியம், முறைமையான போதனை, கிறிஸ்தவ வாழ்வின் சாட்சியம். முறைமையான போதனை, அதாவது வினாவிடை நூல் ஆண்ட இடம், நான்கனுள் ஒன்றாகக் குறுகிற்று. இது சிறிய மாற்றமன்று.

எனினும் ஐக்ஸ்ரெற்றின் கேட்போன் இன்னும் பெறுபவனே. பொருள் புதிதாயிற்று, மொழி நான்காயிற்று. ஆனால் கொடுப்பவர் மேலே, கொள்பவர் கீழே என்ற அமைப்பு மாறவில்லை. ஹொபிங்கர் தொகுத்து 1961இல் வெளியிட்ட உரைத்தொகுதியைப் புரட்டுவோர், அதிலுள்ள உரைகளிற் பெரும்பாலானவை ஐரோப்பியக் குருமாருடையவை என்பதை உடன் காண்பர். விதிவிலக்குகளுட் குறிப்பிடத்தக்கவர் பம்பாய் அதிமேற்றிராணியாரான கருதினால் வலேரியன் கிராசியஸ்.

இக்கருதினாலின் பெயர் இலங்கை வரலாற்றிலும் இடம்பெறுவது. ஐக்ஸ்ரெற் வாரம் தொடங்கிய அதே 1960 யூலை 21ஆந் திகதியே கொழும்பில் சிறிமாவோ பண்டாரநாயக்கா பிரதமராகப் பதவியேற்றார். அவ்வாண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் உதவிபெறும் பாடசாலைகளின் நிர்வாகம் டிசெம்பர் முதலாந் திகதி தொடக்கம் அரசிடம் சென்றது. இந்து, பௌத்த, புரட்டஸ்தாந்து நிர்வாகங்களும் இதனாற் பாதிக்கப்பட்டனவாயினும் எதிர்ப்பின் முன்னணியில் நின்றோர் கத்தோலிக்கரே. பெற்றோர் பாடசாலைகளினுட் புகுந்து அவற்றைத் தம்வசம் வைத்திருந்தனர். இந்நெருக்கடியைத் தீர்க்கும் பேச்சுக்களுக்காக 1961 யனவரியிற் கொழும்புக்கு வந்தவர் கருதினால் கிராசியஸ். பவேரியாவில் மறைக்கல்வியின் நான்கு மொழிகளைப் பற்றிப் பேசி ஆறு மாதங் கழிந்த நிலையில், அக்கல்வி நடைபெற்று வந்த வகுப்பறைகளே கைமாறிய ஒரு நாட்டில் அவர் நின்றார். மறைக்கல்வியும் பாடசாலையும் ஒன்றே என்ற எண்ணத்தில் ஊறியிருந்த ஒரு திருச்சபைக்குச் சுவர்களற்ற கல்வி எத்தகையது என்ற வினாவை அவ்வாண்டு எழுப்பிற்று. ஐக்ஸ்ரெற்றில் அவ்வினா இவ்வளவு கூர்மையாக எழுந்திருக்க முடியாது.

மூன்றாம் வாரம் பாங்கொக்கில் 1962 ஒக்தோபர் 31 முதல் நவெம்பர் 3 வரை நடைபெற்றது. உரோமில் வத்திக்கான் சங்கம் தொடங்கி மூன்று வாரங்களே ஆகியிருந்தன. மேற்றிராணிமார் உரோமில் இருந்தமையாற் போலும், இது சிறியதொரு கூட்டமாகவே அமைந்தது. ஆயினும் ஆறனுள்ளும் மிகத் துணிவானதொரு திருப்பம் இங்குதான் ஏற்பட்டது. யப்பானிற் பணியாற்றிய ஸ்பானியக் குருவான அல்பொன்சோ நெபிரெடா இதனைத் தெளிவுறுத்தினார். யப்பானியப் பல்கலைக்கழக மாணவன் ஒருவனுக்கு 'கடவுள்' என்ற சொல்லே ஐரோப்பியக் குடியானவனுக்குத் தரும் பொருளைத் தருவதில்லை. அவனிடம் நான்கு மொழியிற் பேசினும் நாற்பது மொழியிற் பேசினும் பயன் யாது? ஆகவே நற்செய்தியை அறிவிப்பதற்கு முன்பே ஒரு கட்டம் உண்டு. அக்கட்டத்திற் பேசவேண்டியவன் கேட்போனே என்பது பாங்கொக்கின் முடிவு. பழைய மறைகாப்புவாதம் எதிராளியின் கூற்றுக்களை மறுப்பதிலே தொடங்கிற்று. பாங்கொக் அவனுடைய வாழ்நிலையையும் பண்பாட்டையும் மதித்துப் புரிந்துகொள்வதிலே தொடங்க வேண்டுமென்றது. தொடக்கப்புள்ளி நூலிலிருந்து மனிதனுக்கு இடம்பெயர்ந்தது.

இதில் ஓர் ஐயமும் எழாமலில்லை. கேட்போனைப் புரிந்துகொள்வது அவன்பால் உள்ள மதிப்பினாலா, அன்றி அவனை ஈற்றில் இணங்கச் செய்யும் உபாயமாகவா? 'முன்னைய கட்டம்' என்ற சொல்லே அடுத்த கட்டம் ஒன்றை முன்கூட்டி நிச்சயித்து விடுகிறது. பௌத்த நாடான தாய்லாந்தின் தலைநகரில் நடைபெற்ற இவ்வாரம் இவ்வையத்தைத் தீர்த்து வைத்ததெனக் கூறுதல் அரிது. 1965இற் பிற சமயங்கள் பற்றிய சங்க ஏடு வெளிவந்த பின்னரே இவ்வினா திறந்த மனத்துடன் விவாதிக்கப்படலாயிற்று.

கட்டிகொண்டோ உகண்டாவின் மசாக்கா நகருக்கு அணித்தாயுள்ள குருமடம். 1964 ஓகஸ்ட் 27 முதல் செப்தெம்பர் முதலாந் திகதி வரை ஆபிரிக்கக் கண்டம் முழுவதற்குமான மறைக்கல்வி வாரம் இங்கு கூடிற்று. உகண்டா சுதந்திரம் பெற்று இரண்டாண்டு நிரம்பவில்லை. இவ்விடத்தேர்வு தற்செயலானதாயினும் பொருள் பொதிந்தது. இக்குருமடத்திற் பயின்ற யோசேப்பு கிவானுகா 1939இல் மசாக்காவின் மேற்றிராணியாராகி, அண்மைக்கால ஆபிரிக்காவின் முதற் கறுப்பின மேற்றிராணியார் என்ற பெருமையைப் பெற்றவர்.

உகண்டாவின் மறைக்கல்வி வரலாற்றில் அதனினும் ஆழமான ஒரு நிகழ்ச்சி உண்டு. வெள்ளைக் குருமார் என வழங்கப்பெற்ற பிரெஞ்சு மறைபரப்பாளர் 1879இற் புகண்டா அரசுக்கு வந்தனர். அரசவைச் சூழலின் அச்சத்தினால் 1882 நவெம்பரில் அவர்கள் நாட்டை விட்டு நீங்கினர். மீண்டும் வந்தது 1885 யூலையில். இடைப்பட்ட ஏறத்தாழ மூன்றாண்டுகளில் அங்கே குருவும் இல்லை, பூசையும் இல்லை. புதிதாக ஞானஸ்நானம் பெற்ற சிலரும், ஞானஸ்நானம் பெறாது காத்திருந்த சிலரும் அரண்மனை ஏவலாளரான இளைஞருக்குப் போதித்து வந்தனர். திரும்பி வந்த குருமார், தாம் விட்டுச் சென்றதிலும் பெரிய ஒரு கூட்டத்தைக் கண்டனர். 1885க்கும் 1887க்குமிடையில் அரசன் முவாங்காவின் ஆணையாற் கொல்லப்பட்டோருட் கத்தோலிக்கர் 22 பேர். இவர்களுட் சிலர் அவ்விளைஞர், சிலர் அவர்களின் போதகர். சாள்ஸ் லுவாங்கா தம்முடன் இறக்கவிருந்த சிறுவர் சிலருக்குத் தாமே ஞானஸ்நானம் வழங்கினார். கட்டிகொண்டோ வாரம் முடிந்து ஏழு வாரம் கழியுமுன், 1964 ஒக்தோபர் 18ஆந் திகதி, ஆறாம் சின்னப்பர் உரோமில் இவர்களைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார்.

இப்பின்னணியில் நோக்கின், போதிப்பதற்கு ஐரோப்பியர் வேண்டும் என்ற எடுகோள் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே அம்மண்ணிற் பொய்ப்பிக்கப்பட்டிருந்தது. ஆபிரிக்கக் கிராமங்களில் மறையைக் கொண்டு சென்றவர் குருவல்லர், உபதேசியாரே. பங்குக் குரு ஆண்டிற் சில முறையே வந்து போகும் தொலைவான ஊர்களில் செபத்தை நடத்தியவரும், பிள்ளைகளைச் சேர்த்துக் கற்பித்தவரும், நோயாளரைச் சந்தித்தவரும், இறந்தோரை அடக்கம் செய்தவரும் அவரே. அவருக்குக் கிடைத்த ஊதியம் அற்பம்; மகாநாட்டு மேடையில் அவருக்குக் கிடைத்த இடம் அதனினும் அற்பம். கட்டிகொண்டோ ஆபிரிக்கரின் பண்பாட்டுக்கு இயைந்த மறைக்கல்வியை வலியுறுத்திற்று. மறைபரப்புப் பணி பற்றி வத்திக்கான் சங்கம் 1965 டிசெம்பர் 7ஆந் திகதி வெளியிட்ட ஏடு, உபதேசிமாருக்கென ஒரு பகுதியையே ஒதுக்கி, அவர்களுக்குத் தக்க பயிற்சியும் நியாயமான ஊதியமும் வாழ்க்கைப் பாதுகாப்பும் வேண்டும் என்றது. ஊதியத்தைப் பற்றிப் பேசிய அவ்வரிகள் ஆன்மிகம் பேசிய வரிகளிலும் பிந்தி வந்தனவல்ல என்பது மனங்கொள்ளத்தக்கது. வயிற்றைப் பற்றிப் பேசத் திருச்சபைக்கு நெடுங்காலம் சென்றது.

மணிலாவில் 1967 ஏப்ரலிற் கூடிய ஐந்தாவது வாரம் முந்தியவற்றைத் தொகுத்துச் சங்கத்தின் முடிவுகளோடு பொருத்திப் பார்த்தது. பெரிய கூட்டம், புதிய கருத்து அதிகமில்லை. அது ஒரு பயணத்தின் தங்குமடம் எனலாம். முன்னர் நடந்தவை எத்துணை தொலைவு வந்துவிட்டன என்பதை அறியவேண்டின் மெடலினுக்கே செல்ல வேண்டும்.

கொலம்பியாவின் அந்தியோக்கியா மாநிலத் தலைநகரான மெடலின் நெசவாலைகளால் வளர்ந்த நகரம். மலைச்சரிவுகளிற் குடியேறிய ஏழைகளின் குடிசைகள் ஆண்டுதோறும் மேலேறிக்கொண்டிருந்தன. இங்கே சந்தித்த நிலைமை யப்பானியதற்கு நேர்மாறானது. கேட்போன் கிறிஸ்துவை அறியாதவனல்லன்; அவனுக்கு ஞானஸ்நானம் அளித்து நானூறு ஆண்டு ஆகியிருந்தது. வினாவிடையும் அவன் அறிவான். அறிந்திருந்தும் அவன் நிலமற்றவன். அவனுக்கு நிலம் கொடாதவனும் அதே வினாவிடையை ஒப்புவித்தவனே. இருவரும் ஒரே கோயிலில் ஒரே விடையைச் சொல்லும் நாட்டில், விடையைச் செம்மைப்படுத்துவதனால் ஆவதென்ன?

இந்த மண்ணிற் கல்வி பற்றிய வேறு பரிசோதனைகளும் நடந்துகொண்டிருந்தன. 1947இற் கொலம்பியாவின் சுத்தத்தென்சா என்னும் கிராமத்தில் இளங்குருவான சல்செடோ ஒரு வானொலி நிலையத்தைத் தொடக்கி, எழுத்தறிவையும் வேளாண்மை அறிவையும் குடியானவர்க்கு ஊட்டினார். பிரேசிலில் 1961இல் மேற்றிராணிமார் அரசுடன் உடன்பட்டுத் தொடக்கிய அடிப்படைக் கல்வி இயக்கமும் வானொலியையே நாடிற்று. அந்நாட்டின் பவுலோ பிரெய்ரி எழுத்துக்களைக் கற்பிக்குமுன் கற்போரின் சொந்தச் சொற்களைத் தேடிச் சென்றார். கலப்பை, செங்கல் போன்ற அன்றாடச் சொற்களிலிருந்து வாசிப்பும் வாழ்நிலை பற்றிய உரையாடலும் ஒருங்கே தோன்றின. 1964இன் இராணுவப் புரட்சி அவரைச் சிறையிலும் பின்னர்ச் சிலியில் அஞ்ஞாதவாசத்திலும் தள்ளிற்று. மாணவனின் வெறுங் கணக்கில் ஆசிரியர் அறிவை வைப்புச் செய்வது போன்ற கல்வியை அவர் கண்டித்தார். வங்கி என்ற உவமை புதிதாயினும், அது சுட்டிய பழக்கம் வினாவிடை வகுப்பில் உட்கார்ந்த எவருக்கும் புதிதன்று.

1968 ஓகஸ்ட் 11 முதல் 17 வரை நடைபெற்ற மெடலின் வாரம் இச்சூழலிற் கூடிற்று. ஈராண்டின் முன், 1966 பெப்ரவரியில், குருவும் சமூகவியலாளருமான கமிலோ தொரஸ் கொலம்பியக் கெரில்லாக்களோடு நின்று கொல்லப்பட்டிருந்தார். அந்நினைவு எவர் உள்ளத்தையும் விட்டகலவில்லை. இலத்தீன் அமெரிக்கப் பிரதிநிதிகள் ஐரோப்பிய நிபுணர்களின் கருத்துக்களைக் கேட்டுக்கொண்டதோடு அமையவில்லை. மீட்பின் வரலாறு என்றும் மனித வரலாறு என்றும் இரண்டு வரலாறுகள் இல்லை என்பது அங்கு ஓங்கிய கருத்து. எனவே மனிதர் வாழும் நிலைமை மறைக்கல்விக்கு முன்னுரையன்று. அதன் உள்ளடக்கத்தின் ஒரு பகுதியே. பாங்கொக்கில் முன்னைய கட்டமாயிருந்தது மெடலினில் முழுப்பயணமாயிற்று. நிலைமைகள் பலவாதலின் மறைக்கல்வியும் பலவாதல் வேண்டும் என்பதும் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒரே நூல் வேண்டும் என்று 1889இல் எழுந்த கோரிக்கைக்கு இதனிலும் எதிரான ஒரு நிலைப்பாட்டைக் கற்பனை செய்வது அரிது.

யுங்மன், ஹொபிங்கர் வழிவந்த நற்செய்தி அறிவிப்பு இயக்கம் மெடலினோடு முடிவுற்றதென வரலாற்றாசிரியர் பலர் கூறுவர். ஹொபிங்கர் தாம் கூட்டிய அவையிலேயே தமது கருத்துக் கடந்து செல்லப்படுவதைக் கண்டார். இதை அவரது தோல்வியாகக் கொள்ளுதல் பொருந்தாது. கேட்போனை நோக்கிச் செல்ல வேண்டுமென்ற அவரது தூண்டுதல் இல்லையேல், கேட்போன் எதிரே வந்து நின்றபொழுது அடையாளங் காண எவரும் இருந்திருக்கமாட்டார். ஆயினும் ஒரு குறை மெடலினுக்கும் பொருந்தும். நிலமற்றவனைப் பற்றி அங்கே மிகுந்த நேர்மையுடன் பேசப்பட்டது. பேசியவர்கள் பெரும்பாலும் குருமாரும் நிபுணருமே. ஆறு வாரங்களின் அறிக்கைகளிலும் உபதேசியார் ஒருவரின் சொந்தக் குரலையோ, சிறுவர்க்குக் கற்பித்து வந்த கிராமத்துப் பெண்ணொருத்தியின் குரலையோ தேடுவோர் பெரிதும் ஏமாற்றமடைவர்.

மகாநாட்டு முடிவுகள் ஏட்டோடு நின்றுவிடவில்லை. மறைக்கல்வி வாரம் முடிந்து ஒன்பது நாளில், அதே நகரில், ஓகஸ்ட் 26ஆந் திகதி இலத்தீன் அமெரிக்க மேற்றிராணிமாரின் இரண்டாவது பொது மகாநாடு தனது அமர்வுகளைத் தொடங்கிற்று. அது வெளியிட்ட பதினாறு ஏடுகளுள் எட்டாவது மறைக்கல்வி பற்றியது. வாரத்தின் சிந்தனை அதனுட் புகுந்தது. சிறு குழுக்களாகக் கூடி விவிலியத்தை வாசித்துத் தம் வாழ்வோடு பொருத்திப் பேசிய அடித்தளச் சமூகங்கள் பிரேசிலிலும் மத்திய அமெரிக்காவிலும் பெருகின. அவற்றை வழிநடத்திய உபதேசிமார் பலர் பின்னைய இராணுவ ஆட்சிகளிற் கொல்லப்பட்டனர்.

உரோம் இவற்றையெல்லாம் தன் வழியில் உள்வாங்கிற்று. 1971இல் வெளிவந்த பொது மறைக்கல்விக் கையேடு, வளர்ந்தோருக்குரிய மறைக்கல்வியே முதன்மையானது என்றது; சிறுவர் வகுப்பையே மறைக்கல்வியாகக் கருதிய நூற்றாண்டுகளுக்குப் பின் இது பெரியதோர் ஒப்புதல். அவ்வாண்டு செப்தெம்பர் 20 முதல் 25 வரை உரோமிலேயே ஓர் அனைத்துலக மறைக்கல்வி மகாநாடு கூடிற்று. மணிலாவிலிருந்து புறப்பட்ட முயற்சி இப்பொழுது மையத்தின் பொறுப்புக்கு வந்தது. 1977இன் ஆயர் மன்றத்தைத் தொடர்ந்து 1979 ஒக்தோபரில் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் வெளியிட்ட ஏடு அனுபவத்தை ஏற்றுக்கொண்டதோடு, போதனையின் முழுமை சிதையலாகாதெனவும், மனப்பாடத்தை முற்றாகக் கைவிடலாகாதெனவும் எச்சரித்தது. சங்கம் தொடங்கிய முப்பதாண்டு நிறைவில், 1992 ஒக்தோபர் 11ஆந் திகதி, உலகம் முழுவதற்குமான ஒரு ஞானோபதேச நூல் அறிவிக்கப்பட்டது. பியாசென்சாவுக்கு 1889இல் அனுப்பப்பட்ட கடிதத்தின் கோரிக்கை நூற்றுமூன்று ஆண்டுகளின் பின் ஒருவகையில் நிறைவேறிற்று.

அந்நூலின் சுருக்கம் 2005இல் வெளிவந்தது. அது 598 வினாக்களையும் விடைகளையும் கொண்டது. ஆசிரியருக்கும் மாணவருக்குமிடையே நிகழும் ஓர் உரையாடலாக அவ்வடிவம் மீண்டும் தெரிந்தெடுக்கப்பட்டதென முன்னுரை கூறுகின்றது. வினாக்களைத் தொடுப்பவர் ஆசிரியரா மாணவரா என்பது உள்ளே எப்பக்கத்திலும் குறிக்கப்படவில்லை.